உடும்புமலைத் தாளில் இல்லாத வீடு

12.10.1977 – வீரையா குடும்பம் உடும்புமலை அடிவாரத்துக்கு வந்தது. ஐந்து பேர்.
03.06.1982 – வரைபடத் திருத்தம். மலையின் உயரம் 212 அடி.
26.01.2011 – இடம்பெயர்ந்து திரும்பியது. மூன்று பேர்.
17.02.2023 – கல்குவாரியின் முதல் வெடி. வீட்டிலிருந்து 180 யார் தூரம்.

உடும்புமலை முல்லைத்தீவுக் காட்டுக்குள் இருக்கும் கருங்கல் மலை. மலையகத்தில் பிறந்த வீரையா அதை மலை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. "இது கல்லுங்க ஐயா. மலைன்னா குளிரணும், அட்டை கடிக்கணும்" என்பார். அதன் அடியில் காடு வெட்டி, இருபத்தேழு அடிக்குக் கிணறு தோண்டி, கச்சான் பயிரிட்டார்.

குவாரிக்காரர் அனுமதி பெற்றது, மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவிலான பழைய வரைபடத்தைக் காட்டி. அதில் அடிவாரத்தில் வீடு இல்லை. ஆகவே வீரையா போருக்குப் பிறகு காட்டைப் பிடித்தவர் என்றார்கள், இடத்தைவிட்டு எழும்பச் சொன்னார்கள். 1982இல் அந்தத் தாளைத் திருத்தியவன் நான். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞனாக இருந்தேன்.

வீரையாவும் மனைவி சிவலட்சுமியும் அக்கராயனில் என் வீட்டுக்கு வந்தார்கள். என்னிடமிருந்த பிரதியை மேசையில் விரித்தேன். சிவலட்சுமி ஒரு குறியில் விரல் வைத்தார்.

"இது என்னங்க?"

"புளியமரம், தங்கச்சி. தனிமரம் எண்டால் குறிக்கவேணும்."

"மரத்தப் போட்டீங்க. அதுக்குக் கீழ இருந்த எங்களப் போடலையே?"

"மண்சுவர், கிடுகுக்கூரை எண்டால் குறிக்கக்கூடாது எண்டு விதி."

"அந்த மண்சுவருக்குள்ளதான் பிளேன்டீ குடிச்சீங்க" என்றார் வீரையா. "சீனி வேற கூடக் கேட்டீங்க."

நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 03.06.1982, பி.ப. 3.10: தேநீர், வீரையா வீட்டில், புளியமரத்தடி. சீனி பற்றி எழுதியிருக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் பிரதியைக் குவாரிக்கு அனுமதி கொடுத்த கந்தோருக்கு அனுப்பி, அனுமதியை நிறுத்தும்படி கேட்டேன். தனிப்பட்ட குறிப்பு சான்றாகாது என்று பதில் வந்தது. வீடு இருந்தது, விதிப்படி அதை விட்டவன் நானே என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினேன். ஆறு மாதம் பதிலில்லை. வெடிகள் நிற்கவில்லை. கார்த்திகை மழையில், அதிர்வில் வெடித்திருந்த பின்சுவர் விழுந்தது. இருவரும் பளையில் மகள் ரஜிதா வீட்டுக்குப் போனார்கள்.

"பூட்டிட்டுத்தான் போறோம்" என்றார் வீரையா. "போயிட்டோம்னு எழுதிடாதீங்க, ஐயா."

அப்படி நான் எழுதவில்லை. கந்தோரிலிருந்து வீட்டைப் பரிசோதிக்க வருபவர்கள் அவரைத் தேடி அலையக்கூடாதென்று, 27.11.2023 அன்று தற்காலிக முகவரியை மட்டும் அறிவித்தேன். முகவரி சரியாக இருக்கவேண்டும் என்பது என் பழக்கம்.

இறுதிக் கடிதம் நான்கு வரி. 1982இல் வீடு இருந்ததை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எனது 27.11.2023 கடிதத்தின்படி அங்கு இப்போது எவரும் வசிக்காததால், குவாரி அனுமதி தொடரும்.

கடிதம் கிடைத்த திகதி: 09.01.2024.