கடைசி வாய்க்காலுக்கு எப்போது

ஒன்றைத் தொடங்குவதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உண்டு என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. எதையும் பிகின் பண்ணலாம்: மழை, பள்ளிக்கூடம், அழுகை. லொறியையும் சண்டையையும் ஸ்டார்ட் பண்ணுவார்கள். கந்தோர் உத்தியோகத்தர் எதைத் தொடங்கினாலும் அது கொமென்ஸ். குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டே அம்மா மூன்றையும் சொல்லிப் பார்த்தாள். கொமென்ஸ்தான் அவளுக்குப் பிடித்தது. காலில் சப்பாத்துப் போட்ட சொல் என்றாள்.

படிக்கும் ஆசையில் அவள் கேட்கவில்லை. அப்பாவை நாங்கள் ஐயா என்போம்; அவர் காய்ச்சலில் கிடந்தார். சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்கு அம்மாதான் போகவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்குக் கிடைத்த வயல் கடைசி வாய்க்காலில். அந்த வாய்க்காலில் வேறு எவரும் இன்னும் காடு வெட்டி முடித்திருக்கவில்லை. குளத்துத் தண்ணீர் மேல்வயல்களையெல்லாம் நனைத்து, களைத்து, ஊர்ந்துதான் எங்களிடம் வரும். வரும் நாள் தெரிந்தால்தான் புழுதியில் விதைக்கலாம். முந்தினால் முளை கருகும். பிந்தினால் கதிர் முற்றுமுன் குளம் வற்றும். சாக்கில் இருந்தது ஒரேயொரு விதைப்புக்கான நெல். குளத்துக்குப் பொறுப்பான எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பவர் மேல்வாய்க்கால்காரரின் கேள்விகளைத்தான் எடுப்பார். அதனால் நேரே கேட்டுவிடுவதென்று அம்மா முடிவுசெய்திருந்தாள்.

கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. மேல்வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளை அறிவித்தார்கள். கலையப்போகும் நேரத்தில் அம்மா எழுந்தாள். தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "சேர், லாஸ்ட் வாய்க்கால், வாட்டர் வென் கொமென்ஸ்?" என்றாள்.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், "துரைசாணியம்மா வந்திட்டா, கதிரை போடுங்கோ" என்றார். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரிதானே என்று கேட்கிற பார்வை.

அந்தச் சிரிப்பு அடுத்ததாக என்மேல் விழும் என்று பயந்தேன். எழுந்து, எல்லோருக்கும் கேட்க, "கொமென்ஸ் இல்லையம்மா, ஸ்டார்ட் எண்டு சொல்லோணும்" என்றேன்.

எஞ்சினியரின் முகம் மலர்ந்தது. என்னை முன்னால் கூப்பிட்டு என்ன வகுப்பு என்று விசாரித்தார். நான் பிகின், பிகேன், பிகன் என்று ஒப்பித்தேன். மழையைப் பற்றி ஒரு வசனமும் சொன்னேன். கை தட்டினார்கள். என் தலையைத் தடவிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அம்மா எழுந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கேள்வி அவள் கையிலேயே மிஞ்சிவிட்டதுபோல.

வழியில், பாலைமர நிழலில், அம்மா கேட்டாள்: "அப்ப நீ குசினியில சொன்னது பிழையே, பிள்ளை?"

"ஓம், மாறிச் சொல்லிப்போட்டன்."

பொய். ஸ்டார்ட், ஸ்டார்ட் என்று அவள் வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஆங்கிலத்தில் ருசி பிடித்துவிட்டது என்று நினைத்து நான் துள்ளி நடந்தேன்.

மறுநாள் காலை அம்மா நீர்ப்பாசனக் கந்தோருக்கு நடந்தாள். நானும் வரட்டோ என்றதற்கு, மாறிப்போகாமல் நீ இருந்து படி என்றாள். திரும்பி வந்து ஐயாவின் பாயருகே இருந்து மெல்லச் சொன்னாள்: "எஞ்சினியர் இல்லையாம். பலகையில எழுதிக் கிடக்காம், பாக்கட்டாம்."

பிறகு விரல்விட்டு எண்ணி, தானே ஒரு நாளை வைத்து விதைத்தாள். நடுவில் ஒரு தூறல், பச்சைப் பொய் மாதிரி. வயல் முழுக்க முளை எழும்பியது. அடுத்து வெயில். தண்ணீர் வந்து சேர்ந்தபோது அதில் நனைவதற்கு வைக்கோல் நிறத்து ஊசிகள்தான் இருந்தன. அந்த வருஷம் சோற்றுக்குப் பதில் குரக்கன் தின்றோம்.

ஐயா எழும்பி நடமாடியபின் அவரோடு கந்தோருக்குப் போனேன். அறிவித்தல் பலகையில் வெயிலில் மஞ்சளித்த ஆங்கிலத் தாள். கடைசி வாய்க்கால், ஒரு திகதி, இரண்டுக்கும் நடுவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அதே கொமென்ஸ். என்ன எழுதியிருக்கு என்று ஐயா கேட்டார். பழைய தாள் என்றேன்.

ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை வீட்டில் இருக்க, அம்மா ஏன் விரல்விட்டு எண்ணினாள் என்பது மட்டும் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.