முழுதாகப் படித்த வாத்தியார்

1898 ஏப்ரலில் ஸ்பெயினோடு சண்டை மூண்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் லூதர் பெக்வித் அன்று வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தவில்லை. சுவரில் தேசப்படத்தை மாட்டி, கியூபாவைக் காட்டி, ஸ்பெயின்காரனிடம் அந்த ஜனங்கள் படும் பாட்டைச் சொன்னார். "நம்மள மாதிரி சுதந்திரமா இருக்கிறவங்க இதப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியாது" என்றாராம். என் மகன் ராய் அன்று மாலை அதைச் சோற்றையும் மறந்து எங்களிடம் ஒப்பித்தான். அவனுக்குப் பதினேழு வயது. லூதருக்கு இருபத்தாறு.

நான் நெப்ராஸ்காவில் குதிரைச் சேணம் தைத்து விற்பவன். பெயர் ஐரா பெல். ஊர்ப் பள்ளிக் குழுவில் மூன்று பேர். அதில் நானும் ஒருவன். தீர்மானங்களை எழுதி வைக்கும் வேலையும் என்னுடையது. அதனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு.

லூதர் தொண்டர் படையில் சேர்ந்தார். கியூபாவுக்குத்தான், ரயில் கிழக்கே போகும் என்று ஊரே நினைத்தது. அது மேற்கே போனது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் ஏற்றி, மணிலாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளும் ஸ்பெயினிடம்தான் இருந்தன. அங்கிருந்த ஜனங்கள் ஏற்கெனவே துப்பாக்கி தூக்கி ஸ்பெயின்காரனை நகரத்துக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். நகரம் விழுந்தது. எங்கள் ஆட்கள் உள்ளே போனார்கள். அந்த ஊர்க்காரர்களை உள்ளே விடவில்லை.

பிறகு ஆறு மாதம் இரண்டு படையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. லூதருக்கு ஒரு பாலத்தில் காவல். இதெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. எதிர்க்கரையில் ஃபாஸ்டோ லாக்சமானா என்ற இளம் அதிகாரி. சட்டம் படித்தவன், ஆங்கிலம் கொஞ்சம் பேசுவான். பாலத்தின் நடுவில் சந்தித்து, இவர் பிஸ்கட் கொடுப்பார், அவன் சுருட்டு கொடுப்பான். நம் சுதந்திரப் பிரகடனத்தை அவன் ஸ்பானிய மொழியில் படித்திருந்தான். தினமும் ஒரே கேள்விதான் கேட்பானாம்.

"எங்களுக்கு விடுதலை வாங்கிக் குடுக்க வந்தீங்க. ரொம்ப சந்தோஷம். எப்ப கெளம்புறீங்க?"

"ஆர்டர் வரல" என்பார் லூதர்.

"வந்தா சொல்லுங்க. விருந்து வச்சு அனுப்புறோம்."

ஆர்டர் வந்தது, ஆனால் கிளம்புவதற்கு அல்ல. வாஷிங்டன் அந்தத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து விலை பேசி வாங்கிக்கொண்டது. 1899 பிப்ரவரியில் இரண்டு படைக்கும் நடுவில் சுடுதல் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் லூதரின் ஆட்கள் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக் கிராமத்துக்குத் தீ வைத்தார்கள். லாக்சமானா என்ன ஆனான் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் திரும்பியபோது ரயிலடியில் வளைவு கட்டி, பேண்டு வாசித்து அழைத்து வந்தோம். வாத்தியார் வேலையையும் திருப்பிக் கொடுத்தோம். மணிலாவைப் பற்றி யார் கேட்டாலும் "அங்க வெக்கை ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்குள் என் ராயும் பட்டாளத்தில் சேர்ந்து அதே தீவுகளுக்குப் போயிருந்தான்.

1900 ஜூலை நான்கு. ஆற்றங்கரைத் தோப்பில் ஊரே கூடியிருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி சுதந்திரப் பிரகடனத்தை வாத்தியார் வாசிக்க வேண்டும். முழுதாக அல்ல. எல்லா மனிதரும் சமம் என்று வரும் முன்பகுதியை வாசித்துவிட்டு, நடுவில் அந்தக் காலத்து இங்கிலாந்து ராஜாவின் மேல் சொல்லியிருக்கும் குற்றப் பட்டியலைத் தாண்டி, கடைசிப் பத்திக்குப் போய்விட வேண்டும். வெயிலில் 'பை' என்கிற பழப் பலகாரம் கெட்டுவிடும் என்று பெண்கள் வைத்த ஏற்பாடு அது.

முதலில் மாவு ஆலைக்காரர் ஹோபார்ட் சேல்ஸ் பேசினார். பள்ளிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். "நம்ம கொடி பறக்கிற இடமெல்லாம் சுதந்திரம்தான். அந்தத் தீவு ஜனங்களுக்கு இப்ப அது புரியல. ஒரு நாள் நமக்கு நன்றி சொல்வாங்க" என்றார். கை தட்டினோம். என் மகனை நினைத்து நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

பிறகு லூதர் எழுந்தார். முன்பகுதியை வாசித்தார். பட்டியலைத் தாண்டவில்லை. ராஜா எங்களைக் கேட்காமல் எங்கள் நடுவில் பட்டாளத்தை நிறுத்தினான். எங்கள் சம்மதமில்லாமல் வரி போட்டான். கடல் தாண்டிப் படைகளை அனுப்புகிறான். ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுப்பதைப் போல நிதானமாக வாசித்தார். எங்கள் ஊர்களை எரித்தான் என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியை மறுபடி வாசித்தார்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "எந்த ராஜாவச் சொல்றீங்க, வாத்தியாரே?"

"இதுல எழுதியிருக்கிறதத்தான் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லூதர் தொடர்ந்தார். கடைசி வரி வரை வாசித்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஒருவரும் கை தட்டவில்லை.

அடுத்த வாரம் பள்ளிக் குழு கூடியது. சேல்ஸ், நான், ஸ்வீடன்காரக் குடியானவர் நில்ஸ் ஓக்விஸ்ட்.

"அவன் இனிமே நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது" என்றார் சேல்ஸ்.

"காரணம் என்னன்னு எழுதுறது?" என்று கேட்டேன்.

ஓக்விஸ்ட் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "எழுதிக்கோ ஐரா. சுதந்திர தினத்தன்னிக்கு சுதந்திரப் பிரகடனத்தப் படிச்சாரு. பெரிய குத்தம்."

"கிண்டல் பண்ணாதீங்க, நில்ஸ்!" என்றார் சேல்ஸ்.

"நான் எங்க பண்றேன்? நடந்ததத்தான சொல்றேன்."

காரணம் எழுதவில்லை. 'சேவை இனித் தேவையில்லை' என்று மட்டும் எழுதினேன். ஓக்விஸ்ட் எதிர்த்தார். நான் சேல்ஸ் பக்கம் கை தூக்கினேன். எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. லூதர் இரண்டு முறை வாசித்த அந்த வரி, என் மகனை ஊருக்குத் தீ வைக்கிறவன் என்று சொன்னதாகவே எனக்குப் பட்டது.

முடிவைச் சொல்ல நானே போனேன். லூதர் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"ராயச் சொல்லல, மிஸ்டர் பெல். நான் என்னையேதான் சொன்னேன். அந்தக் கிராமத்துல தீக்குச்சி கிழிச்சது நான்."

"அத அங்கேயே வெளிப்படையாச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என்னப் பாத்துப் பரிதாபப்பட்டிருப்பீங்க. அதோட முடிஞ்சிருக்கும்."

தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சேல்ஸுக்குப் பயந்து ஊரில் வேறு வேலை கொடுக்க ஆள் இல்லை. ஓக்விஸ்ட் தன் பண்ணையில் கிணற்று நீர் இறைக்கும் காற்றாலை பழுதானபோது அதைச் சரி செய்யக் கூப்பிட்டார். லூதருக்கு அது கை வந்தது. பண்ணை பண்ணையாகப் போய், நாற்பதடிக் கோபுரத்தில் ஏறி, பல்சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, ஒடிந்த இறக்கையை மாற்றிக் கட்டினார். தெருவில் சிலர் துரோகி என்று காதில் விழும்படி சொல்வார்கள். கோபுரத்தின் மேலே அது கேட்காது.

ராய் 1902இல் வந்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டான்.

"பெக்வித் வாத்தியார் எங்கப்பா? பள்ளிக்கூடத்துல காணோம்?"

நடந்ததைச் சொன்னேன். நான் கை தூக்கியதையும் மறைக்கவில்லை. என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்காகவா கை தூக்குனீங்க?"

"ஆமா."

"என்னைய ஒரு வார்த்த கேட்டுட்டுத் தூக்கியிருக்கலாம்."

எழுந்து லூதரைத் தேடிப் போனான். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து காற்றாலை வேலைக்கு அவரோடு போக ஆரம்பித்தான்.

சேல்ஸ் ஆலையை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போன பிறகு, 1906இல், பள்ளிக் குழு லூதரைத் திரும்பக் கூப்பிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். படித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"என்னைய ஏன் நீக்குனீங்கன்னு உங்க தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க. நாளைக்கே வர்றேன்."

நான் எழுதத் தயாராக இருந்தேன். ஓக்விஸ்ட்டும் சம்மதித்தார். ஆனால் பழைய தீர்மானத்தில் கை வைத்தால் ஊரில் பழைய சண்டை கிளம்பும் என்றார் புதுத் தலைவர். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் ஓக்விஸ்ட்டும் களைத்துப்போனார். எழுதவில்லை.

லிங்கன் நகரத்திலிருந்து ஓர் இளம்பெண்ணை வாத்தியாராக அமர்த்தினோம். நன்றாகவே பாடம் நடத்தினாள். லூதர் அந்த வசந்தத்தில் ஓக்விஸ்ட்டின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு, ராயைக் கூட்டாளியாகச் சேர்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டறை போட்டார். எங்கள் வீட்டுக் கிணற்றுக் காற்றாலை பழுதானால் ராய்தான் வருவான். ஒருமுறை லூதரே வந்தார். வேலையை முடித்து இறங்கி, காப்பி குடித்து, இந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போனார்.