சின்னம்மா பேசிய ஆங்கிலம்

சின்னம்மா மன்னாரிலிருந்து வந்து மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் எங்களோடு தங்கியிருந்த முதல் வருடம், வீட்டில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு யாரும் டீவியைத் தொடக்கூடாது. அப்போதுதான் ஹொலிவூட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போடுவார்கள். அம்மாவின் தங்கையான அவர் ஊர் ஆஸ்பத்திரியில் பல வருடம் பிள்ளைப்பேறு பார்த்த தாதி. அதே வேலையை இங்கே செய்வதற்கு ஆங்கிலப் பரீட்சையில் தேற வேண்டும். எழுத்தில் தேறிவிட்டார். பேச்சில் இரண்டு தரம் தவறிவிட்டார். வெள்ளைக்காரர் யாராவது எதிரே இருந்து கேள்வி கேட்டால் அவருக்குத் தெரிந்த சொல்லும் வராது.

"படிக்கச் சொன்னா இவ படம் பாக்கிறா" என்று அப்பா குசினிக்குள் போய் அம்மாவிடம் முறையிடுவார். அம்மா வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருப்பார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் நானும் சின்னம்மாவோடு சோபாவில் ஒட்டிக்கொண்டேன். படம் முடிந்ததும் அப்பாவின் லப்டொப்பில் அந்த நடிகையின் வரலாற்றைத் தேடி எடுப்போம். நான் ஆங்கிலத்தில் வாசிப்பேன். சின்னம்மா கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வார். யார் எந்த ஊரில் பிறந்தது, எத்தனை ஸ்டூடியோ திருப்பி அனுப்பியது, எந்தப் படத்தில் முதல்முதலாகப் பெயர் வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"உந்த மகாராணி மாதிரி நடந்து வாறா பார். இவ முதல் ஒரு கடையில தொப்பி வித்தவ. ஸ்டூடியோக்காரர் ஏழு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கி, பேரை மாத்தி, பல்லைச் சரிக்கட்டி, கதைக்கவும் பழக்கினவை" என்று சின்னம்மா திரையைக் காட்டினார்.

"கதைக்கவுமா?"

"ஓம். அதுக்கெண்டு ரீச்சர் வச்சு. இந்தக் குரல் அவ பிறந்த குரல் இல்லை, பிள்ளை."

படிக்கட்டில் அந்த நடிகைகள் இறங்கி வரும்போது வெளிச்சமே வழிவிட்டு நிற்பது போலிருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒரு காலத்தில் தொப்பி விற்றார்கள் என்றால், தொப்பி விற்கிற யாரும் அப்படி ஆகலாம் அல்லவா? அன்று மாலை கடைக்குப் போனபோது காசாளராக நின்ற அன்ரியை வெகுநேரம் உற்றுப் பார்த்தேன்.

ஒரு நாள் பேசாப்படக் காலத்து நடிகை ஒருத்தியைப் பற்றி வாசித்தோம். கண்களாலேயே சனங்களை அழவைத்தவள். படங்கள் பேசத் தொடங்கியதும் உச்சரிப்புச் சரியில்லை என்று அவளைக் கைவிட்டுவிட்டார்கள். வாசித்து முடித்து, "அவள் நன்றாகப் பழகியிருக்கலாமே" என்று ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னேன்.

"வேலை தெரியாதவ இல்லையே அவ" என்றார் சின்னம்மா. கொப்பியில் எதுவும் எழுதாமல் எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து பற்களுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு நடிகைகளின் வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கேத்தில் கொதித்தாலும் "டார்லிங், வந்துவிட்டேன்" என்று அதனிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு ஓடினார். அப்பா தலையில் கை வைத்தார்.

மூன்றாம் தரம் பரீட்சைக்கு நகருக்குப் போனபோது அம்மாவுக்கு வேலை. அப்பாவும் நானும் கூடப் போனோம். பதிவு மேசையில் இருந்த பெண் கடவுச்சீட்டையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னுக்கு, மற்றதில் பின்னுக்கு. படிவத்தை நிரப்பியவர் அப்பா. அனுமதிக்க முடியாது, அடுத்த தவணைக்கு விண்ணப்பியுங்கள் என்றாள். அடுத்த தவணைக்குள் சின்னம்மாவின் விசா முடிந்துவிடும். அப்பா ஏதோ விளக்கத் தொடங்கி நடுவில் திக்கி நின்றார். மொழிபெயர்க்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன்.

சின்னம்மா என் தோளில் கை வைத்து என்னைப் பின்னுக்கு நகர்த்தினார். நாடியைச் சற்று உயர்த்தினார். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் மெல்ல இறக்கிவைத்து, நான் அதுவரை கேட்டிராத ஓர் ஆழ்ந்த குரலில் பேசினார்.

"அம்மணி, எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கும் வரும், பின்னுக்கும் வரும். எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் உங்கள் முன்னால் நிற்பது நான் ஒருத்திதான். உங்கள் மேலதிகாரியை அழைத்தால் மிகவும் மகிழ்வேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தன்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேலதிகாரி வந்தார். கடவுச்சீட்டிலிருந்த படத்தையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டார். "தயவுசெய்து உள்ளே வாருங்கள்" என்று கதவை அவரே திறந்து பிடித்தார். சின்னம்மா தள்ளுபடியில் வாங்கிய காற்சட்டையோடு, நிலத்தில் பட்டுத்துணி இழுபடுவது போல் நடந்து உள்ளே போனார். யாராவது கையெழுத்துக் கேட்டு ஓடி வந்திருந்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

அந்தத் தரம் அவர் தேறினார். மெல்பேர்னில் இன்று எத்தனையோ பிள்ளைகளை முதலில் தொட்டவை அவருடைய கைகள்தான். படம் பார்க்கச் சொன்னதே தான்தான் என்று அப்பா விருந்துகளில் சொல்லித் திரிகிறார்.

ஆனால் அன்று முடிவு யாருக்கும் தெரியாது. பரீட்சை முடிந்து வெளியே வந்த சின்னம்மா எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே கழிப்பறைக்குள் போனார். நான் பின்னால் ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர்க்குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீருக்கு ஊடாக வேறொரு சத்தமும் கேட்டது. இருமுகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன. விரல்களைப் பிடித்தேன், பனிக்கட்டி.

"கண்ணுக்குள்ள சோப் போயிட்டுதா, சின்னம்மா?"

"ஓம், பிள்ளை."

ரயிலில் ஜன்னலோரம் இருந்தார். அந்தக் குரலில் இன்னொரு தரம், ஒரேயொரு வசனம் பேசிக் காட்டும்படி கெஞ்சினேன்.

"இன்னொரு நாளைக்கு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியொரு குரல் வாய்த்த ஒருவர் எங்களுக்காக ஒரு தரம் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று கிரெய்கிபர்ன் வரும்வரை நான் அவரோடு கதைக்கவேயில்லை.