மாப்பிள்ளைக்கு எப்போதும் பச்சை

அரசு மருத்துவக் காப்பீட்டுத் துறையின் கணினிகள் ஓடுகின்றனவா, படுத்துவிட்டனவா என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. துறைக்காரர்கள் அந்த வேலையை ஒரு தனியார் கம்பெனியின் தலையில் கட்டியிருந்தார்கள். கம்பெனி அவளை ஜன்னலில்லாத அறையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்திருந்தது. பச்சை எரிந்தால் சுகம். சிவப்பு எரிந்தால் கம்பெனிக்கு அபராதம், மேனேஜர் காச்மூச்சென்று கத்துவார்.

சோதனைக்கென்று ஒரு பொய் நோயாளி இருந்தான். அடிக்கடி அவன் பேரில் ஆபரேஷனுக்கு விண்ணப்பம் போகும். உடனே அனுமதி வந்தால் பச்சை. நோய்நொடி இல்லாமலே ராஜ உபசாரம் வாங்குகிறவனுக்கு அவள் வைத்த பேர் மாப்பிள்ளை. வீட்டில் கணவனிடம் அவன் கதையைச் சொல்லிச் சிரிப்பாள். விண்ணப்பங்கள் குவிந்து அனுமதி தாமதமானபோது சிவப்பாக எரிந்து தள்ளியது. மாப்பிள்ளையை மட்டும் பொது வரிசையில் நிறுத்தாமல் தனி வழியில் விட்டால் என்ன என்று அவள்தான் கேட்டாள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து திரை பச்சைப்பசேல். அவளும் நிம்மதியாக டீ குடித்தாள், பொய் சொல்வானேன்.

பிறகு அவள் கணவனுக்கு இதயத்தில் அடைப்பு வந்தது. டாக்டர் தயார், தியேட்டர் தயார், காப்பீட்டு அனுமதி மட்டும் வரவில்லை.

"மத்தியானத்துக்குள்ள வரலைன்னா அடுத்த ஆளை எடுத்துடுவோம்மா. காலையிலேர்ந்து யாருக்குமே வரலை," என்றாள் நர்ஸ்.

ஷிப்டில் இருந்தவனுக்குப் போன் போட்டாள். "தம்பி, சிவப்பு எரியுதா?"

"இல்லக்கா. மாப்பிள்ளைக்கு இப்பதான் அனுமதி வந்துச்சு."

"அவனைப் பொது வரிசையில விடுடா. சிவப்பு எரிஞ்சாதான் துறையில எழுந்திருப்பாங்க."

"சார் சொல்லாம தொட்டா என் வேலை போயிடும்க்கா."

மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "கஷ்டம் புரியுதும்மா. பச்சை எரியறப்போ என்னன்னு புகார் கொடுக்கிறது?"

துறைக்கே கூப்பிட்டாள். "கண்காணிப்பு கம்பெனியில எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றாங்களேம்மா," என்று வைத்துவிட்டார்கள். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மத்தியானம் வேறு யாரையோ தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான், "மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்," என்றாள்.

சாயங்காலம் கணவன் போய்ச் சேர்ந்தான்.

சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள், வயிறு இருக்கிறதே. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மாப்பிள்ளையைப் பொது வரிசையில் தள்ளினாள். திரை சிவந்தது. மேனேஜர் ஓடிவந்தார்.

"யாரு பண்ணினது?"

"நான்தான் சார். அவனும் எல்லாரோடயும் நிக்கட்டும்."

அப்போதே அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைத் தானே மறுபடி தனி வழியில் விட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் மாப்பிள்ளைக்கு அனுமதி வந்துவிட்டது.