கரையில் நிற்பவர் உட்காரக் கூடாது

றெனோல்ட் பின்லாந்தில் இருந்தது பத்தொன்பது நாட்கள். மொன்றியலில் இருந்தது முப்பத்துநான்கு வருடங்கள். அவரைக் கடைசிவரை ஆட்டிப்படைத்தது அந்தப் பத்தொன்பது நாட்கள்தான்.

1986, மாசி மாதம். மன்னார் பேசாலைக்காரரான அவருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. மரம் ஏற்றப் போன கப்பலில் மாலுமி வேலை. கடல் உறைந்து, கப்பல் ஒரு சின்னத் தீவுக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டது. தீவில் ஒரேயொரு கிராமம். பதினான்கு வீடு, ஒரு கோவில், ஒரு கடை. பெயர் ஹூடோசாரி. ஹூடோ என்றால் கூப்பாடு, சாரி என்றால் தீவு.

ஒருநாள் கடையில் சீனியும் பால்மாவும் வாங்கிக்கொண்டு பனிக்கட்டியின் மேல் கப்பலுக்குத் திரும்பினார். பாதி வழியில் மூட்டம் இறங்கியது. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அவர் பெயரை நீட்டிக் கூப்பிட்டது. முகம் தெரியாத குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாய் திறக்காதே, அது பேய் என்று தாய் சொல்லி வளர்த்திருந்தாள். குரல் மூன்று முறை வந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை.

கூப்பிட்டது பேயல்ல, கடைக்கு வந்துபோனதில் அவர் பெயரை அறிந்திருந்த கடைக்காரி அய்லா. பதில் வராததால் ஊரே ஏணியும் கயிறுமாகப் புறப்பட்டு வந்தது. ஏணிகளை முன்னால் தள்ளிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்து வந்தார்கள். சீனிப்பொதியோடு அவர் முழுசாக நிற்பதைக் கண்டதும் அய்லா எழுந்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

பிறகு கடையில் கோப்பி கொடுத்து, உடைந்த ஆங்கிலத்தில் ஊரின் பெயர்க் கதையைச் சொன்னாள். அன்னப் பறவைகளின் சத்தத்தால் வந்த பெயர் என்று பாதிரியார் எழுதி வைத்திருக்கிறாராம். ஊரார் அதை நம்புவதில்லை. முன்னொரு காலத்தில் ஞானஸ்நானத்துக்காக ஏழு பேர் பனியில் போனார்கள். மூட்டத்தில் வழி தவறியது. கரையில் நின்ற பெண்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். குரலைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பெயருக்குப் பதில் வரவே இல்லை. அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒருவர் பனியில் போனால் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். நிற்பவர் உட்காரக் கூடாது, வீட்டுக்குள் போகக் கூடாது. பெயரைக் கூப்பிட வேண்டும். போனவர் தன் பெயரையே திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை பதில் வராவிட்டால் கரையில் நிற்பவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.

"நீ இருபது பேரின் உயிரைப் பனியில் இறக்கினாய்" என்றாள் அய்லா. "வாயைத் திறந்திருந்தால் போதும்."

அந்த அறை நாற்பது வருடங்களாக அவர் கன்னத்தில் கிடந்தது.

மொன்றியலுக்கு வந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வில்லரேப் பகுதியில் மூன்றாம் மாடி வீடு. மனைவி றோஸ்மேரி நிலக்கீழ் அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனால் படிக்கட்டில் நின்று கூப்பிடுவார். அவள் "றோஸ்மேரி!" என்று தன் பெயரையே கத்த வேண்டும்.

"இஞ்சாருங்கோ, கீழ்வீட்டு மனுசி என்னை விசர் எண்டு நினைக்கிறா" என்பாள் அவள்.

"நினைக்கட்டும். நீ பேரைச் சொல்லு."

குளிர்காலத்தில் பூங்காக் குளத்தில் மற்றப் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். மகள் லக்சனா வேலிக்கு வெளியே தகப்பனின் கையைப் பிடித்தபடி நிற்பாள்.

அந்த லக்சனா பொறியியல் படித்து, ஆற்றுப் பனியின் தடிப்பை அளக்கும் வேலைக்குப் போனாள். செய்தியைக் கேட்ட அன்று அவர் சாப்பிடவில்லை.

"அப்பா, பதினைஞ்சு சென்ரிமீற்றர் இருந்தால் ஆள் நடக்கலாம். நாங்கள் துளைச்சு அளந்துதான் அடி வைப்பம்."

"கரையில ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் நிக்கத் தேவையில்லை."

"அப்ப நான் வாறன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. போன மாசியில், அவளுடைய முதல் ஆற்று வேலை நாளில், மெற்றோவிலும் பிறகு பஸ்ஸிலும் ஏறி, சூப் போத்தலோடு கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். குளிர் மைனஸ் பதினெட்டு. தூரத்தில் நான்கு செம்மஞ்சள் அங்கிகள் அசைந்தன. எது தன் பிள்ளை என்று அவருக்குத் தெரியவில்லை. கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டார்.

"லக்சனாஆஆ!"

கைத்தொலைபேசி அடித்தது. "அப்பா! என்ன இது? எல்லாரும் பாக்கினம். வீட்டை போங்கோ."

"நீ பேரைச் சொல்லு பிள்ளை. நான் பேசாமல் நிக்கிறன்."

"ஐயோ." பிறகு ஆற்றிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது: "லக்சனா!"

கால் மணிக்கு ஒருமுறை கூப்பிட்டார். இரண்டாம் முறை அவளோடு நின்ற மற்ற மூவரும் சேர்ந்து "லக்சனா!" என்று ராகம் போட்டார்கள். சிரிப்பொலி கரைவரை வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரிக்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது. முதலில் மறுகரை மறைந்தது. அடுத்து அங்கிகள் மறைந்தன. சூப் போத்தலை வைத்த கல்லும் மங்கியது. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. அறுபத்துமூன்று வயது உடம்புக்குள் இருபத்துநான்கு வயதுப் பயம் எழுந்து நின்றது.

கூப்பிட்டார். பதில் இல்லை.

தொலைபேசியை எடுத்தார். குளிரில் அது செத்துப்போயிருந்தது. மறுபடி கூப்பிட்டார். காற்று மட்டும் வந்தது. பனிக்கட்டி எங்கோ ஆழத்தில் மாடு போல முனகியது. அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். அவர் உட்காரவில்லை. குரல் உடைய மூன்றாம் முறையும் கூப்பிட்டார். எண்ணிக்கை முடிந்தது.

ஏணி இல்லை, கயிறு இல்லை. இறங்கினார்.

ஹூடோசாரியில் நல்ல பனி உள்ள பாதையின் இரு பக்கமும் தேவதாரு மரக் கிளைகளை நட்டிருப்பார்கள். கிளை உள்ள இடம் காலை நம்பி வைக்கக்கூடிய இடம். இங்கே கிளைகள் இல்லை. சின்னச் சிவப்புக் கொடிகள் வரிசையாகத் தெரிந்தன. அவருக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. கொடிகளைப் பார்த்தே நடந்தார்.

அந்தக் கொடிகளைக் காலையில் நட்டவள் லக்சனா. கழிவு நீர்க்குழாய் ஆற்றில் விழும் இடம் அது. பனியின் தடிப்பு ஆறு சென்ரிமீற்றர். இங்கே வராதே என்பதற்கான கொடி.

நான்காவது கொடியருகே பனி உடைந்து நெஞ்சுவரை நீருக்குள் போனார். பனி விளிம்பை முழங்கைகளால் பிடித்துக்கொண்டார். அப்போதும் தன் பெயரைக் கத்த அவருக்குத் தோன்றவில்லை. மகளின் பெயரைத்தான் கத்தினார். வெள்ளைக்குள்ளிருந்து கயிறு வந்தது. கயிற்றின் மறுமுனையில் வயிற்றால் ஊர்ந்து லக்சனா வந்தாள்.

"நீ இருக்கிறியோ?" என்று கேட்டார்.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு மருத்துவமனை. நுரையீரல் முழுக்க நீர். ஒட்சிசன் அளவு தொண்ணூறில் இருந்து எண்பத்துநான்குக்கு இறங்கியதை லக்சனா ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தாள். பதினோராம் நாள் காலை தாளை மடித்து வைத்தாள்.

"அப்பா. எனக்குக் கேட்டது."

அவர் கண்ணைத் திறந்தார்.

"மூண்டு தரமும் கேட்டது. அவங்கள் சிரிப்பாங்கள் எண்டு வெக்கத்தில பேசாமல் நிண்டனான்."

அவர் ஒட்சிசன் முகமூடியைச் சற்று விலக்கினார். "எனக்கும் அண்டைக்கு அய்லா கூப்பிட்டது கேட்டதுதான்" என்றார். "பயத்தில பேசாமல் நிண்டனான்." சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக முடிந்தது. தாதி வந்து முகமூடியைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவருக்கு இப்போது பயமாக இருந்தது. இந்தமுறை பனியில் நிற்பது அவர். "பிள்ளை, நீ கரையில நில்லு. கூப்பிடு."

லக்சனா நாற்காலியிலிருந்து எழுந்தாள். தகப்பனைப் பெயர் சொல்லி அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"றெனோல்ட்."

"றெனோல்ட்" என்றார் அவர்.

சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டாள். உதடு அசைந்தது. முகமூடிக்குள் மூச்சின் ஆவி புகாராய்ப் படிந்தது. அதைப் பதில் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அவரைச் சுற்றிலும் வெள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில் தெரியவில்லை, யன்னல் தெரியவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்ட குரல் எங்கோ கரையிலிருந்து வந்தது. இந்தமுறை அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும். கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

தாதி வந்து முகமூடியைக் கழற்றிய பிறகும், பகல் முழுக்க லக்சனா உட்காரவில்லை.