பாட்னாவில் தீர்ந்த பேலன்ஸ்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் தகர ஷெட் போட்டு ஆரம்பித்த பட்டாசுக் கம்பெனிக்கு முதல் செங்கல் எடுத்துக் கொடுத்தவன் நான். பீகாரில் கடை கடையாக ஏறி நம் வெடிக்கு இடம் பிடித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இந்தியில் விலை பேசி, இந்தியிலேயே சண்டை போட்டு, சமாதானமும் செய்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? பெருமைதான்.

இந்த ஆடிப் பதினெட்டுக்குக் கம்பெனியில் பூஜை. காலமாகிவிட்ட என் கூட்டாளி செல்வராஜின் மகன் பிரபு மைக்கைப் பிடித்தான். "செல்போன் புதுசா வந்த காலத்துலயே ஒத்த ரிங், ரெட்ட ரிங்னு ஒரு முறை வச்சு வடநாட்டு ஆர்டர அள்ளுனவரு எங்கப்பா" என்றான். கைதட்டினார்கள். முன்வரிசையில் நான், கையில் சர்க்கரைப் பொங்கல். நெய் வாசனை மூக்கில் ஏறியது.

பாட்னாவில் எங்கள் வெடியை வாங்கும் சேட்டின் கடைக்குப் பக்கத்தில் ஜிலேபி போடுவார்கள். அங்கேயும் இதே நெய் வாசனைதான்.

இன்றைய பிள்ளைகளுக்கு ரோமிங் என்றால் தெரியாது. அன்று தமிழ்நாட்டைத் தாண்டிவிட்டால், நாம் கூப்பிட்டாலும் காசு, வருகிற போனை எடுத்தாலும் காசு. பிரீபெய்டில் பேலன்ஸ் தீர்ந்தால் போன் ஊமை. அங்கே விற்கும் ரீசார்ஜ் கார்டு நம் நம்பருக்கு ஏறாது. சிவகாசியில் கார்டு வாங்கிச் சுரண்டி, அந்த எண்ணை யாராவது போனில் நமக்குப் படிக்க வேண்டும். படிக்கிற நேரத்துக்கும் நம் பேலன்ஸ்தான் கரையும்! இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் கையில் சிக்கியிருந்தால் சரவெடியோடு சேர்த்துக் கட்டியிருப்பேன்.

செல்போன் வந்த புதிதில் ஓர் ஆவணி. நான் பாட்னாவில், சேட்டின் கடையில். சிவகாசியில் காலம் தப்பி மழை. வெடி காயவில்லை. தசராவுக்கு முன் லோடு வருமா என்று சேட் கேட்கிறார். எதிரே இன்னொரு கம்பெனி ஆள் ஆர்டர் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். என் போனில் பேலன்ஸ் கொஞ்சம்தான். செல்வராஜ் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். சரக்கு காஞ்சுச்சா, அதச் சொல்லு."

"சொல்லுதேன், சொல்லுதேன். அங்கன தண்ணி ஒத்துக்கிடுதா? இருமல் எம்புட்டு இருக்கு? இந்தா, கார்டு சுரண்டி வச்சிருக்கேன், நம்பர எழுதிக்கிடுங்க… ஏலே, என் கண்ணாடிய எங்கனலே வச்சீக?"

அவ்வளவுதான். ஊமை.

"என்ன அண்ணாச்சி, ஒங்க கம்பெனி பேச்சு மூச்சக் காணோம்?" என்று எதிராளி இளித்தான். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். மழையில் கம்பெனி லேண்ட்லைன் செத்துக் கிடந்தது; செல்வராஜின் செல்லுக்கும் லைன் கிடைக்கவில்லை.

படித்தவன் என்ன செய்திருப்பானோ, நான் யோசித்தேன். சரக்கு நனைந்து போயிருந்தால் செல்வராஜ் எடுத்த எடுப்பில் அழுதிருப்பான். சாவகாசமாக என் இருமலை விசாரிக்கிறான் என்றால் வெயில் அடித்துவிட்டது. திரும்பிப் போய், "லோடு வரும் சேட்" என்றேன். ஆர்டர் எனக்கு. லோடும் வந்தது.

ஊர் திரும்பியதும் நான் வைத்த முறைதான் அது. சிவகாசியிலிருந்து ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் சரக்கு தயார். இரண்டு ரிங் என்றால் ஆர்டர் வாங்காதே. எவனும் எடுக்கக் கூடாது. அதற்குச் செல்வராஜ் குதித்த குதி இருக்கிறதே!

"வெளியூர்ல கெடக்க மனுசன ஒரு வார்த்த சாப்பிட்டீகளான்னு கேக்காமயா? மணி அடிச்சுட்டு ஓட நான் என்ன களவாணியா அண்ணாச்சி?"

"ஊருக்கு வந்தப்புறம் ஆற அமர உக்காந்து கேளுலே."

ஒரு சீசன் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அந்த முறையை எதிர்த்தவன் பெயரில்தான் இன்று கைதட்டல்!

இப்போது ரோமிங் காசு ஒழிந்தது. சுரண்டுகிற கார்டு ஒழிந்தது. பிரபுவின் ஆட்கள் பாட்னாவிலிருந்து முகம் பார்த்தே பேசுகிறார்கள். "ஒண்ணுத்துக்கும் ஆகாத சங்கதி, யாரு பேருல இருந்தா என்ன?" என்கிறாள் என் மனைவி. இருக்கிற பொருளென்றால் கையில் எடுத்துக் காட்டி, நான் செய்தது என்பேன். இல்லாமல் போனதற்கு வாய்ச்சொல் தவிர வேறு என்ன சாட்சி?

பிரபு, தீபாவளி போனஸ் கொடுக்கிற அன்று எல்லாரும் கூடுவார்கள். அதே மைக்கைப் பிடி. "அது எங்கப்பா வச்ச முறை இல்ல, பெரியப்பா வச்சது" என்று சொல். என் பெயரையும் முழுசாகச் சொல். உன் அப்பன் இருந்திருந்தால் அன்றைக்கே எழுந்து உன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கியிருப்பான்.