கயிற்றின் மறுமுனை

1987 நவம்பர் 19, வியாழக்கிழமை, காலை மணி பத்து இருபது. தூறல், இலை அசையாத புழுக்கம். இனி வருவதில் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். தன் கையில் நிகழ்ந்திராவிட்டால் வேம்புலியும் நம்பியிருக்கமாட்டான்.

மாங்காட்டுக்கு மேற்கே, வயலை ஒட்டிய அறுபது வீட்டுக் குடியிருப்பு அது. வீடுகளின் கழிவுநீர் முழுவதும் ஒரு மூடு கிணற்றில் சேரும். மோட்டார் அதைக் குட்டைகளுக்கு ஏற்றும். வெயிலில் தெளிந்தபின் புல்வயலுக்குப் பாயும். உறிஞ்சு குழாய் அடைத்துக்கொண்டால் ஆள் இறங்கவேண்டும். இறங்குபவன் மதுரைவீரன். மேலே கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் அண்ணன் வேம்புலி. இனி ஆளை இறக்கவேண்டாம், குழாயை மேலே தூக்கக் கப்பி வாங்கித் தாருங்கள் என்று வேம்புலி ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை. அன்றைக்கோ கழிப்பறைகளில் கழிவுநீர் எதிர்த்துப் பொங்கிவிட்டது.

"கையெழுத்து வர்றப்ப வரட்டும். இப்ப எறங்குப்பா" என்றார் மேற்பார்வையாளர் பாஸ்கரன்.

வழக்கப்படி, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கினான் வேம்புலி. சுடர் அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது. அணையவில்லை.

ஆனால், கயிறு ஒருமுறை இழுபட்டது.

ஓர் இழுப்பு என்றால் 'நலம்' என்று பொருள். கீழே இருப்பவன் அவ்வப்போது இழுப்பான். மேலே இருப்பவன் ஓர் இழுப்பால் பதில் சொல்வான். மூன்று இழுத்தால் 'மேலே வா.' கிணற்றிலோ எவரும் இல்லை. மதுரைவீரன் பக்கத்தில் நின்று லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், கெளுத்தி மாட்டிச்சா?"

"இன்னிக்கு வேணாம் மச்சான்" என்றான் வேம்புலி.

"வேணாம்னா அறுவது ஊட்டுக்காரனும் உன் ஊட்டாண்ட வந்து குந்துவான். பரவால்லியா?"

சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கினான்.

ஓர் இழுப்பு வந்தது. வேம்புலி பதில் இழுத்தான். மற்றொன்று. பதில்.

மதுரைவீரன் குறும்புக்காரன். நேரம் தவறி இழுப்பான். பாதி இழுத்து ஏமாற்றுவான். அன்று அப்படி இல்லை. ஒரே வலிமை, ஒரே இடைவெளி. அடைப்பைக் கம்பியால் இடிக்கும் ஓசையும் கேட்கவில்லை.

"மச்சான்... டேய்!"

குரல் இல்லை.

கயிறு இழுபட்டது. நலம்.

மணி பத்து நாற்பது. வேம்புலி மூன்றுமுறை இழுத்தான்.

ஓர் இழுப்பு திரும்பி வந்தது. நலம்.

"சார், ஒரு கை குடுங்க, தூக்கிடலாம்!"

"நல்லாத்தானே இழுத்துகினு கீறான்?"

நலம்.

நலம்...

வேம்புலி தனியாகவே இழுத்தான். வந்தது உடல். வாய் நிறையச் சேறு.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் பின்னர்ச் சொன்னது இது: விளக்கை அணைக்காத நச்சு வாயுவும் உண்டு. கால் தரையைத் தொட்டபோதே அவன் விழுந்திருப்பான். அதன்பின் விரல்கூட அசைந்திருக்காது.

அப்படியானால், வேம்புலி பதில் சொல்லிக்கொண்டிருந்தது யாருக்கு?

"கவுறு ஆடிச்சின்னு வெளிய சொல்லாத. பைத்தியம்பாங்க" என்றார் பாஸ்கரன். தங்கை பஞ்சவர்ணம் கேட்டது ஒன்றே: "அண்ணே, கவுறு உங்கைல கீதுன்னுதான அது எறங்குச்சி?"



காரியம் முடிந்த மறுநாள் ஒன்றிய அலுவலகத்திலிருந்து முடிவு வந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. பாஸ்கரன் படித்துக் காட்டினார்: 'கப்பி வாங்க நிதியில்லை. மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. காலியான பணியிடத்தில் மனுதாரரே கிணற்றில் இறங்கிப் பணிபுரிய ஆணையிடப்படுகிறது.'

"கவுறு புடிக்கிறது யாரு சார்?"

"அத எழுதல."

அவன் முகத்தைப் பாராமல் தாளை நீட்டினார். வேம்புலி வாங்கிக்கொண்டான்.